ஓதமடித்த பழைய கேரவனை வாங்கிச் சரிசெய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே கேரவன் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி. தானே ஓடும் வண்டி அல்ல. நான் இரண்டு பழைய கேரவன்களை வாங்கியிருக்கிறேன். முதலாவதைப் பிரித்துப் போட்டபின் உருப்படியாக மிஞ்சியது சேசிஸ் என்ற அடிச்சட்டம் மட்டும். இரண்டாவதில் இன்றும் படுத்துத் தூங்குகிறேன். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த முதல் வண்டி கற்றுக்கொடுத்தது.

விலை மிகக் குறைவு. "கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான்" என்கிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை; அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கேரவனில் ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், கண்ணுக்குத் தெரியும்போது அது உள்ளே குடிவந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சுவர்த்தாளில் உள்ளங்கை அளவு கறை தெரிந்தால், அதன் பின்னால் உள்ள மரச்சட்டம் கைநீளத்துக்குக் கருத்துப் போயிருப்பது வழக்கம். கண்ணில் படுவதைப்போல் இரண்டு மடங்கு சேதம் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். பிரித்துப் பார்க்கும்போது அதைவிடக் குறைவாக இருந்து மகிழ்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்று இருந்தால் யோசிக்கலாம். ஒன்று, மழை படாத கூரையின் கீழ் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த இடம். இரண்டு, மரவேலையில் பழகிய கை, அல்லது பழகியே தீர வேண்டும் என்ற ஆசை. மூன்று, அதே வயதுள்ள உலர்ந்த வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். முதலாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை. ஒரு சுவரைத் திறந்துபோட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பதற்றம் என்பதை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி: ஊர் சுற்றுவதற்காக வாங்குகிறீர்களா, பழுதுபார்க்கும் வேலை பிடித்திருப்பதால் வாங்குகிறீர்களா? ஊர் சுற்றத்தான் என்றால் உலர்ந்த வண்டியாகப் பார்த்து, இன்னும் ஓர் ஆண்டு சேமித்தாவது வாங்குங்கள். விடுமுறைகளைத் தின்னும் வண்டியை விடுமுறைக்காக வாங்குவதில் பொருளில்லை.

மூடிய பெட்டி போன்ற வண்டிக்குள் நீர் எப்படிப் போகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது. பழைய கேரவனின் சுவர் மூன்று அடுக்கு. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே சுமார் 3 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் ஒட்டிய தாள் அல்லது வினைல். நடுவே மென்மரச் சட்டங்கள். சட்டங்களுக்கு இடையே தெர்மாகோல். தகடு வெறும் தோல்தான். எலும்பு அந்தச் சட்டங்கள். அவையும் நீங்கள் நினைப்பதைவிட மெலிந்தவை.

தகட்டில் நேராக ஓட்டை விழுவது அரிது. நீர் நுழைவது மூட்டுகள் வழியாக. பக்கச் சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் முன்னிருந்து பின்வரை ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதன் அடியில் மாஸ்டிக் என்ற கெட்டியான பிசுக்கு. அதை அழுத்திப் பிடிக்க வரிசையாகத் திருகாணிகள். புதிதில் மாஸ்டிக் பிசைந்த களிமண்போல் இளக்கமாக இருக்கும். ஆண்டுகள் போகப்போகக் காய்ந்து, வெடித்து, பொடியாகும். வண்டியோ சும்மா இருப்பதில்லை. சாலையில் முறுக்கிக்கொள்கிறது, வெயிலில் தகடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. காய்ந்த மாஸ்டிக் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழை அளவு விலகினால் போதும், மழைநீர் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். ஜன்னல் சட்டம், கூரைத் திறப்பு, பின்விளக்கு, கைப்பிடி எல்லாம் இதே கதைதான். கேரவனில் உள்ள ஒவ்வொரு திருகாணியும் சுவரில் போட்ட ஓர் ஓட்டைதானே.

உள்ளே போன நீருக்கு வெளியேற வழி கிடையாது. ஒருபுறம் உலோகம், மறுபுறம் வினைல். வெளியே நாள்கணக்கில் வெயிலடித்தாலும் நடுவில் உள்ள மரம் நனைந்தபடியே இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுக வைக்கும் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்.

பார்க்கப் போகும்போது எப்போது போவது, என்ன எடுத்துப்போவது?

நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். ஒரு வாரம் காய்ந்த வண்டி உண்மையைச் சொல்லாது. முடிந்தால் கதவையும் ஜன்னல்களையும் நீங்கள் வரும்வரை மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள். எல்லாம் திறந்துபோட்டு, உள்ளே மணமும் தெளித்து வரவேற்றால் அந்த உபசாரத்தைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

பிரகாசமான டார்ச், சின்னக் கண்ணாடி, திருப்புளி, ஈரமானி (மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவி), ஏணி, கீழே படுக்க ஒரு பழைய பாய். கூடவே, இந்த வண்டிமேல் ஆசையே இல்லாத ஒரு நண்பர். ஈரமானியைவிட அவர்தான் முக்கியம். நான் முதல் வண்டியைப் பார்க்கப் போனபோது மேலே இருந்த வட்டக் கண்ணாடி ஜன்னலில் மயங்கிப்போய், அதன் கீழே இருந்த பழுப்புக் கோட்டை நிழல் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, எங்கே, எப்படிப் பார்ப்பது?

முதலில் மூக்கு. கதவைத் திறந்த முதல் பத்து விநாடியில் வரும் வாடையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப்பிறகு மூக்கு பழகிவிடும். பூட்டிவைத்த பழைய பெட்டியின் வாடை வேறு, மக்கிய இலைக்குப்பையின் வாடை வேறு. இரண்டாவது வந்தால் எங்கோ மரம் அழுகிக்கொண்டிருக்கிறது.

பிறகு வெளியே. வண்டியின் மூலையில் நின்று, கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து நீளவாக்கில் பாருங்கள். தகடு ஓரிடத்தில் உப்பியோ அலையலையாகவோ தெரிந்தால் அதன் பின்னால் சட்டம் பிடிப்பை விட்டுவிட்டது. தகட்டில் ஊசிமுனை அளவு பொத்தல்கள், வெள்ளைப் பொடி, பெயின்ட் கொப்புளம் ஆகியவை இன்னும் மோசம். நனைந்த மரம் உள்பக்கமிருந்து அலுமினியத்தை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். விளிம்புப் பட்டையில் திருகாணிகளை மறைக்கும் பிளாஸ்டிக் நாடா ஒன்று இருக்கும். விற்பவரிடம் கேட்டு அதன் ஒரு முனையை இழுத்துப் பாருங்கள். திருகாணித் தலைகள் பளபளவென்றிருந்தால் நல்லது. துருப்பிடித்துக் கரைந்திருந்தால் அந்த வரிசை முழுவதும் நீர் வாய்க்கால். ஏணியில் ஏறிக் கூரையைப் பார்க்கலாம். கூரைமேல் கால் வைக்க வேண்டாம்.

உள்ளே பார்ப்பதற்குக் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். மெத்தைகளைத் தூக்குங்கள். இருக்கைக்குக் கீழ் உள்ள பெட்டிகளைக் காலிசெய்யச் சொல்லுங்கள். மேல் அலமாரிகளின் உள்மூலை, ஜன்னல்களின் கீழ்மூலை, பின்சுவரின் அடிப்பகுதி, சக்கரம் வரும் மேடு, கதவு நிலை, கூரைத் திறப்பைச் சுற்றிய பகுதி, எரிவாயுச் சிலிண்டர் வைக்கும் முன்பெட்டியின் பின்சுவர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒவ்வோர் இடத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல சுவர் எதிர்த்து நிற்கும். கெட்டது ஈர அட்டைபோல் அமுங்கும். விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறும். அங்கே நின்று இன்னும் கவனியுங்கள். சுருங்கிய தாள், கருப்புப் புள்ளிகள், தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் ஓரம் கருத்த கறை ஆகியவற்றைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவரில் மட்டும் புதிய தாள், ஒரு மூலையில் மட்டும் புதிய பெயின்ட், காரணமில்லாத ஒரு பலகை: இவற்றைத்தான் சொல்ல வேண்டும். எனது முதல் வண்டியின் துணி அலமாரிக்குள் அழகான சிறு தட்டு ஒன்று திருகி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினேன். பின்னால் சுவரே இல்லை. விரல் நேராக அலுமினியத்தைத் தொட்டது.

கடைசியாக, பாயைப் போட்டு வண்டிக்கு அடியில் படுங்கள். தரையின் அடிப்பலகை விளிம்புகளில்தான் முதலில் கெடும். அனுமதி கேட்டு, திருப்புளியின் முனையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள்.

ஈரமானி காட்டும் எண்களுக்கு என்ன பொருள்?

இரண்டு ஊசி உள்ள சாதாரணக் கருவி போதும். 15 சதவீதம்வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டிய இடம். 20-ஐத் தாண்டினால் நீர் எங்கிருந்தோ வருகிறது. 30-ஐத் தாண்டினால் மரம் ஏற்கெனவே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இவை பொதுவழக்கில் உள்ள எல்லைகள். கருவிக்குக் கருவி ஓரிரு எண் மாறும்.

ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்குதான் பேசும். ஒரு தாளில் நான்கு சுவர்களையும் கட்டம்கட்டமாக வரைந்து, ஒவ்வோர் அடிக்கும் ஓர் அளவை எழுதிக்கொண்டே வாருங்கள். கீழே 24, அதற்கு மேல் 28, மேல்மூலையில் 35 என்று ஏறிக்கொண்டே போனால் நுழைவாயில் மேல்மூலை என்று வரைபடமே காட்டிவிடும்.

கருவி ஏமாறும் இடங்களும் உண்டு. உலோகப்பூச்சுள்ள சுவர்த்தாளில் எண் காரணமில்லாமல் எகிறும். இன்னொன்றுதான் ஆபத்தானது: ஒருகாலத்தில் அழுகி, பிறகு நன்றாக உலர்த்தப்பட்ட மரம் 12 சதவீதம் காட்டும். உலர்ந்திருக்கிறது, உண்மைதான், ஆனால் அங்கே வலு இல்லை. ஆகவே கருவி என்ன சொன்னாலும் கட்டைவிரலை ஓய்வெடுக்க விடாதீர்கள்.

அது கசிவு இல்லை, மூச்சுக்காற்றின் ஈரம் படிந்ததுதான் என்று விற்பவர் சொல்கிறார். இருக்குமா?

இருக்கலாம். மூடிய சிறு அறையில் இருவர் உறங்கினாலே காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும். அடுப்பு எரித்தால் இன்னும் கூடும். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. எரிந்த வாயுவைவிட எடை அதிகம். காற்றில் உள்ள ஆக்சிஜன் அதோடு சேர்வதால் அப்படி.

வேறுபாடு இதுதான். வியர்வை குளிர்ந்த இடங்களிலெல்லாம் படியும். எல்லா ஜன்னல்களிலும், மெத்தைக்குப் பின்னாலும், உலோகத் திருகாணித் தலைகளிலும் இருக்கும். துடைத்து, காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும். கசிவு ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும்; மழைக்குப்பின் கூடும்; பழுப்பு ஓரம் விடும். இடது மூலையில் மட்டும் ஈரம், வலது மூலை எலும்புபோல் காய்ந்திருக்கிறது என்றால் அது மூச்சுக்காற்று அல்ல. மூச்சு இடம் வலம் பார்ப்பதில்லை.

குளிருக்கு அஞ்சித் தரையிலும் கூரையிலும் உள்ள நிரந்தரக் காற்றுத் துளைகளைச் சிலர் அடைத்துவைத்திருப்பார்கள். வாங்கினால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். ஈரத்துக்காக மட்டும் அல்ல. அடுப்பும் ஹீட்டரும் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கு ஆபத்து.

"கசிந்தது, சிலிக்கான் பூசி அடைத்துவிட்டேன்" என்றால்?

விலையைக் குறைத்துப் பேசுங்கள். விளிம்புப் பட்டைக்கு மேலே அழகாக இழுத்த சிலிக்கான் கோடு நீர் வரும் வழியை அடைப்பதைவிட, போகும் வழியை அடைப்பதுதான் அதிகம். சிலிக்கான் ஒட்டிய பரப்பில் பின்னால் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பதே தனி நாள் வேலை. புளித்த வாடை வரும் வகைச் சிலிக்கான் உலோகத்தையும் அரிக்கும். சரியான வழி, பட்டையை முழுவதும் கழற்றி, பழைய மாஸ்டிக்கைச் சுத்தமாக எடுத்து, பியூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடாவைப் புதிதாக வைத்து மீண்டும் பூட்டுவதுதான். குறுக்குவழி இருப்பதாக நானும் நம்பிப் பார்த்திருக்கிறேன்.

தரை நடக்கும்போது பொதபொதவென்று அமுங்குகிறது. அழுகிவிட்டதா?

அவசியமில்லை. பல வண்டிகளில் தரை இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே நுரைப் பலகை ஒட்டிய அடுக்கு. கதவருகிலும் சமையல் மேடை முன்னும் மிதிபட்டு மிதிபட்டு ஒட்டு விட்டுப்போகும். நடந்தால் கிறீச்சிடும், லேசாக அமுங்கும். ஆனால் மரம் கெட்டிருக்காது. மேல்பலகையில் கட்டம்கட்டமாகத் துளையிட்டு, அடிப்பலகையைத் துளைக்காமல் கவனித்து, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின் பசையைச் செலுத்தி, மரக்குச்சி அடைத்து, மேலே பலகையும் பாரமும் வைத்து ஒரு நாள் விட்டால் தரை இறுகிவிடும். பழுதுகளிலேயே மனம் நிறைவது இதுதான்.

சுவரோரம் அமுங்கினால் மட்டும் பயப்படுங்கள். அது சுவரில் இறங்கிய நீர் தரையில் சேர்ந்த இடம். அங்கே சுவர்ச்சட்டத்தின் அடிக்கட்டையும் தரை விளிம்பும் சேர்ந்தே போயிருக்கும். ஈரமானியை வைத்தால் இரண்டும் எது எது என்று பிரிந்துவிடும்.

சுவரைச் சரிசெய்வது உண்மையில் எவ்வளவு வேலை?

ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அலமாரியையும் இருக்கைப் பெட்டியையும் கழற்ற வேண்டும். அவை சுவரோடு மட்டுமல்ல, ஒன்றோடொன்றும் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, திருகாணிகளைத் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நான் எழுதவில்லை. ஒரு டப்பா நிறைய அநாதைத் திருகாணிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

உள்பலகையைக் கிழித்தால் சேதம் வெளிப்படும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு உடனே மரத்தை வெட்டிப் புதியது வைப்பது. முதலில் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே குழாயால் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நனைத்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து எது வாயில் என்றே தெரியாது. இன்னொரு வழியும் உண்டு: துளைகளையெல்லாம் தற்காலிகமாக மூடி, விசிறியால் உள்ளே காற்றை அழுத்தி, வெளியே மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி வரும் இடம் ஓட்டை. கறை இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையின் முன்னால் நுழைந்த நீர் சட்டத்தின் வழியே ஓடிப் பின்மூலையில் இறங்கும்.

கசிவை அடைத்தபின் உலர்த்துவது. ஈரம் உறிஞ்சும் கருவியை மூடிய வண்டிக்குள் வைத்தால், திறந்த சுவர் உலரச் சில வாரங்கள் பிடிக்கும். ஹீட்டரை வைத்துப் பொரிப்பதால் மரம் பிளக்குமே தவிர வேலை விரைவதில்லை. எண்கள் 15-க்குக் கீழே வந்து சில நாள்கள் நின்றபின் வெட்டத் தொடங்குங்கள். கெட்ட மரம் முடியும் இடத்தில் நிற்காமல், அதைத் தாண்டி ஒரு கைநீளம் நல்ல மரம்வரை எடுக்க வேண்டும். புதிய சட்டத்தைப் பழையதோடு சாய்வெட்டு மூட்டில் ஒட்டினால் பாரம் சரியாகக் கடக்கும். பூச்சி, பூஞ்சைக்கு எதிராகச் செம்புக் கலவை ஏற்றிய மரத்தை அலுமினியத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரிக்கும். திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. அதன்பின் நுரைப்பலகை, புதிய பிளைவுட், தாள், கழற்றிய அலமாரிகள்.

வார இறுதிகளில் மட்டும் செய்தால் ஒரு மூலைக்கு ஒரு மாதம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். பின்சுவர் முழுவதும் என்றால் ஒரு பருவம். முன், பின், கூரை மூன்றும் என்றால் அது பழுதுபார்ப்பது அல்ல, புதிதாகக் கட்டுவது.

உளுத்த மரத்தில் ரெசின் ஊற்றிக் கெட்டியாக்கினால் போதாதா?

திருகாணித் துளை, ஜன்னல் ஓரத்துத் துண்டு மாதிரியான சின்ன இடங்களில் போதும். ஈர மரத்தில் அது ஊறாது, மேலேயே காயும். பாரம் தாங்கும் சட்டத்துக்கு மாற்று மரம்தான்.

ஃபைபர் கிளாஸ் வண்டியில் இந்தத் தொல்லை இல்லைதானே?

குறைவு. பெரிய அச்சில் வார்த்த உடல் என்றால் மூட்டுகள் சிலவே, கூரை விளிம்புத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஜன்னலும் கூரைத் திறப்பும் இருக்கும்வரை கசிவு முற்றிலும் ஒழியாது. முன்னும் பின்னும் மட்டும் ஃபைபர் கிளாஸ், பக்கமெல்லாம் மரச்சட்டம் என்ற கலப்பு வண்டிகளும் உண்டு; வெளித்தோற்றத்தை நம்பி ஏமாற வேண்டாம். மரமே இல்லாத உடல் என்றால், நான் ஈரமுள்ள வண்டிக்கும் துணிந்து பேரம் பேசுவேன்.

ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதைத் தவறவிடுவேன்?

வண்டியைச் சாலையில் போகவிடாமல் நிறுத்திவிடும் விஷயங்களை. சேசிஸில் ஆழத் துரு, கோணிய இணைப்புமுனை, இறுகிப்போன பிரேக், ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் அச்சு. ரப்பர் அழுத்தத்தில் இயங்கும் அச்சுகளில் உள்ளே உள்ள ரப்பர் வயதானால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும். பழைய வகைக்கு அது கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

டயரின் பட்டை புதிதுபோல் இருப்பதில் மயங்காதீர்கள். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஏழு ஆண்டைத் தாண்டியது என்றால் பேச்சே இல்லாமல் மாற்றிவிடுவது நல்லது.

எரிவாயுக் குழாய், ரெகுலேட்டர், அடுப்பு, ஹீட்டர் ஆகியவற்றைத் தகுதிபெற்றவர் சோதிக்காமல் பற்றவைக்கக் கூடாது. நனைந்த சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளுக்கும் அதே விதி. மிகப் பழைய வண்டியில் அடுப்புக்குப் பின்னால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பலகை இருக்கலாம். சந்தேகம் வந்தால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், அதற்கென்று உள்ளவர்களிடம் விடுங்கள். ஆவணங்களில் உள்ள எண்ணும் சேசிஸில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். இதைப் பார்க்கவே மறந்துவிடுகிறார்கள்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

மரம், பலகை, நாடா, ஒட்டு ஆகியவற்றின் விலையை எழுதுங்கள். அது சிறிய தொகையாகத்தான் இருக்கும். அங்கேதான் மனம் வழுக்குகிறது. அதோடு டயர், பிரேக், எரிவாயு, மின்சாரச் சோதனை, இழுத்துவரும் செலவு, இடவாடகை, இல்லாத கருவிகள் எல்லாம் சேர வேண்டும். வந்த தொகையை இரட்டிப்பாக்கி, வண்டி விலையோடு கூட்டி, அதே வயதுள்ள உலர்ந்த வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமலேயே இரண்டும் சமமாக வந்தால், அந்த வண்டி மலிவானது அல்ல.

பட்டறையில் கொடுத்துச் செய்யலாமே என்றால், கூலி மணிக்கணக்கில் ஓடும் வேலை இது. உணர்வு சார்ந்த வண்டி, அரிய வகை என்றால் தவிர, பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் போட்ட பணம் விற்கும்போது திரும்பாது.

பூஞ்சையால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

உண்டு, ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடுதலாக. பிரிக்கும்போது நுண்துகள் தடுக்கும் முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணியுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. லேசாக நனைத்துத் துடைக்க வேண்டும். பூஞ்சை ஏறிய மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம். பிளைவுட்டில் வெளுப்புத் திரவம் ஊற்றினால் கறை மறையும், உள்ளே வேர் இருக்கும்.

எதைக் கண்டால் பேசாமல் திரும்பிவிட வேண்டும்?

தகட்டில் உள்ளிருந்து வந்த பொத்தல்கள். மூன்று மூலைகளுக்கு மேல் விரல் அமுங்குவது. கூரை நடுவில் தொய்வு. சுவரும் தரையும் சேரும் இடம் நீளவாக்கில் கெட்டிருப்பது. கோணிய சேசிஸ். ஆவணத்தோடு சரிவராத சேசிஸ் எண். இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவேன், இலவசமாகக் கொடுத்தாலும். இலவச வண்டியை அப்புறப்படுத்தவும் பணம் வேண்டும், நான் கட்டியிருக்கிறேன்.

ஒரே ஜன்னலின் கீழ் ஓதம், ஒரு மூலையில் மட்டும் கறை, கதவருகே அமுங்கும் தரை, மற்றபடி உலர்ந்த உடல், நல்ல சேசிஸ் என்றால் வாங்கலாம். என் இரண்டாவது வண்டி அப்படிப்பட்டதுதான்.

சரிசெய்தால் வண்டியின் எடை கூடுமா?

கூடலாம். 3 மில்லிமீட்டர் பலகை கிடைக்கவில்லை என்று 6 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பலகையின் எடை இரட்டிப்பு. வண்டித் தகட்டில் பொறித்த மொத்த எடை வரம்பு அப்படியே இருக்கும். குறைவது நீங்கள் ஏற்றக்கூடிய சாமான்தான். முடிந்ததும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் படிக்கும் முன்பே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

எதையும் பிரிக்காதீர்கள். முதல் வாரம் ஈர வரைபடம் மட்டும் போடுங்கள். மெத்தை, திரை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். கூரையுள்ள இடம் கிடைக்கும்வரை மேலே தார்ப்பாய் போடலாம். ஆனால் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே உள்ள ஈரம் வெளியேற முடியாமல் புழுங்கும். கூரைக்கும் பாய்க்கும் நடுவே கழிகளை வைத்து, காற்று புகும்படி நான்கு பக்கமும் தூக்கிக் கட்டுங்கள். வண்டியின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள், கூரையில் நீர் தேங்காது. இரண்டு வாரம் கழித்து அதே கட்டங்களில் மீண்டும் அளந்து, எந்த எண் இறங்கியது, எது அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். அசையாத எண் இருக்கும் இடத்தில் முதல் திருகாணியைக் கழற்றுங்கள். உறையில் போட்டுப் பெயர் எழுத மறக்க வேண்டாம்.